ஓய்ந்திருக்கும் திரையில் ஓர் இணையப்பக்கம்

கணினியின் விசைப்பலகையையும் சுட்டியையும் சில நிமிடங்கள் தொடாமல் விட்டால், திரையில் இருந்த ஆவணம் மறைந்து, நகரும் கோடுகளோ வண்ணக் குமிழிகளோ நிழற்படங்களோ தோன்றுவதைப் பெரும்பாலோர் கண்டிருப்பர். பேச்சு வழக்கில் ஸ்கிரீன் சேவர் என்றும் எழுத்தில் திரைக்காப்பு என்றும் குறிக்கப்படும் இந்தச் சிறு மென்பொருள், வழக்கமாகத் தன்னுள் அடங்கிய படங்களை மட்டுமே காட்டும். அதற்கு மாறாக, காற்றோட்ட வரைபடம், மழை ராடார், செய்தித் தலைப்புகள், நூலகத்தின் புதுவரவுப் பட்டியல் என விரும்பிய இணையப்பக்கம் ஒன்றையே அந்த இடத்தில் தோன்றச் செய்ய முடியும். செய்முறை கடினமன்று. ஆனால், ஆள் எதிரில் இல்லாத நேரத்தில் ஓர் இணையப்பக்கத்தை ஓடவிடுவதும் ஒரு படத்தைக் காட்டுவதும் ஒன்றல்ல என்பதை உணராமல் இதைச் செய்தால், பயனைவிடத் தொல்லையே மிகும்.

திரைக்காப்பு தோன்றிய காலத்தில் அதன் வேலை, பெயருக்கேற்பத் திரையைக் காப்பதாகவே இருந்தது. பழைய கணினித் திரைகள் கதோடுக் கதிர்க் குழாயால் ஆனவை. அந்தக் குழாயின் கண்ணாடி முகப்பின் உட்புறத்தில் பாஸ்பர் எனப்படும் ஒளிரும் பொருள் பூசப்பட்டிருக்கும். பின்னாலிருந்து பாயும் எலெக்ட்ரான் கற்றை அதன்மேல் படும் இடமெல்லாம் ஒளிரும். ஒரே பட்டியலோ ஒரே தலைப்போ மாதக்கணக்கில் ஒரே இடத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்தால், அவ்விடத்துப் பூச்சு மற்ற இடங்களைவிட விரைவில் நைந்து, வேறு எதைத் திறந்தாலும் அதன் பின்னே பழைய எழுத்தின் நிழல் தெரியும். இந்தக் குறையைத் தவிர்ப்பதற்காக ஐபிஎம் தனியாள் கணினிக்கென ஜான் சோச்சா எழுதிய சிறு நிரல் 1983 டிசம்பரில் சாஃப்டாக் இதழில் வெளியாயிற்று. மூன்று நிமிடங்கள் யாரும் தொடாவிட்டால் திரையைக் கறுப்பாக்குவது மட்டுமே அதன் பணி. அந்த மூன்று நிமிடத்தை மாற்ற வேண்டுமானால் நிரலையே திருத்தி மீண்டும் தொகுக்க வேண்டியிருந்தது.

கறுப்புத் திரையைக் கண்டு கணினி அணைந்துவிட்டதாக எண்ணுவோர் இருந்ததாலும், வெறுமையைவிட வேடிக்கை விலைபோகும் என்பதாலும், அடுத்த சில ஆண்டுகளில் திரைக்காப்பு அலங்காரப் பொருளாயிற்று. பெர்க்லி சிஸ்டம்ஸ் நிறுவனம் 1989இல் மெக்கின்டாஷ் கணினிக்கு வெளியிட்ட ஆஃப்டர் டார்க் தொகுப்பில், சிறகு முளைத்த ரொட்டி வாட்டும் கருவிகள் திரையின் குறுக்கே பறந்தன. மக்கள் அவற்றைக் காசு கொடுத்து வாங்கினர். விண்டோசில் திரைக்காப்பு என்பது எஸ்சிஆர் என்னும் பின்னொட்டைக் கொண்ட கோப்பாக அமைந்தது. அந்தக் கோப்பு வேறொன்றுமில்லை, பெயர் மாற்றிய சாதாரண நிரலே என்பது இங்கே கவனிக்கத்தக்கது. அந்த நிரலை இயக்குதளம் மூன்று விதமாக அழைக்கிறது: முழுத்திரையில் ஓடச் சொல்லி ஒரு முறை, அமைப்புச் சாளரத்திலுள்ள சிறு கணினிப் படத்துக்குள் முன்னோட்டம் காட்டச் சொல்லி ஒரு முறை, விருப்பங்களைக் கேட்டறியச் சொல்லி ஒரு முறை. நிரலாக இருப்பதால் அதனுள் எதை வேண்டுமானாலும் வைக்கலாம்; ஓர் உலாவியையும் வைக்கலாம்.

வலையிலிருந்து செய்தியை இழுத்துத் திரைக்காப்பில் காட்டும் எண்ணத்தை உலகறியச் செய்தது பாயின்ட்காஸ்ட் என்னும் கலிஃபோர்னிய நிறுவனம். கிறிஸ்டோபர் ஹாசெட் தொடங்கிய இந்நிறுவனம் 1996இல் இலவசமாக வெளியிட்ட மென்பொருள், பயனர் விரும்பித் தேர்ந்த துறைகளுக்கேற்பச் செய்தி, பங்கு விலை, வானிலை, விளையாட்டு முடிவுகள் ஆகியவற்றை அவ்வப்போது தரவிறக்கி வைத்துக்கொண்டு, கணினி ஓய்ந்திருக்கும்போது அவற்றை நகரும் எழுத்துகளாகவும் வண்ணப் பலகைகளாகவும் காட்டியது; கூடவே அசையும் விளம்பரங்களும் வந்தன. வாசகர் தேடிச் செல்லாமலே செய்தி அவரிடம் வந்து சேரும் இம்முறைக்குத் தள்ளு தொழில்நுட்பம் என்று பெயர் சூட்டப்பட்டது. உலாவியின் காலம் முடிந்தது, இனி எல்லாம் தள்ளு முறையே என்று தொழில்நுட்ப இதழ்கள் அட்டைப்படக் கட்டுரை எழுதும் அளவுக்கு ஆரவாரம் எழுந்தது. 1997இல் நியூஸ் கார்ப்பரேஷன் இந்நிறுவனத்தை ஏறத்தாழ 45 கோடி டாலருக்கு வாங்க முன்வந்ததாகவும் பேச்சு கைகூடவில்லை என்றும் செய்தி வெளியானது. இரண்டே ஆண்டுகளில், 1999இல், அது கைமாறியபோது கிடைத்த விலை சுமார் 70 லட்சம் டாலர்.

இந்தச் சரிவுக்கு வணிகக் காரணங்கள் பல உண்டு. திரைக்காப்பு அமைக்க விரும்புவோர் கருத்தில் கொள்ள வேண்டியது தொழில்நுட்பக் காரணம். அன்றைய அலுவலகங்கள் பலவற்றில் நூற்றுக்கணக்கான கணினிகள் நொடிக்கு 1.5 மெகாபிட் அளவே கொண்ட ஒரே ஒரு வாடகை இணைப்பைப் பகிர்ந்துகொண்டன. ஒவ்வொரு கணினியும் அதே செய்தியையும் அதே விளம்பரத்தையும் தனித்தனியாகத் தரவிறக்கியதால் இணைப்பு அடைபட்டு, அலுவலக மின்னஞ்சலே தாமதமாயிற்று. வலையமைப்புப் பொறுப்பாளர்கள் பாயின்ட்காஸ்டைத் தடைசெய்யத் தொடங்கினர். யாரும் பார்க்காத திரைக்காக எல்லோருடைய இணைப்பும் செலவாயிற்று என்பதே அதன்மேல் எழுந்த குற்றச்சாட்டு. இன்று இணைப்புகள் பலமடங்கு விரைவானவை என்றாலும், கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் வழியாக நாளொன்றுக்கு இவ்வளவு என்ற அளவுக்குள் இணையம் பயன்படுத்தும் வீட்டில் காணொளி நிறைந்த பக்கத்தைத் திரைக்காப்பாக வைத்தால், அதே குற்றச்சாட்டு வேறு உருவில் திரும்பி வரும்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. 1997இல் வெளியான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 உலாவியுடன் ஆக்டிவ் டெஸ்க்டாப் என்னும் வசதி வந்தது. முகப்புத் திரையின் பின்னணிப் படத்துக்குப் பதிலாக இணையப்பக்கத்தையே விரித்து வைக்க அது உதவியது. அதனுடனேயே, சந்தா செய்த தளங்களின் பக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும் திரைக்காப்பும் வந்தது. எண்ணம் நன்று, செயல்பாடு அவ்வாறில்லை. உலாவியும் முகப்புத் திரையும் ஒரே நிரலுக்குள் பிணைக்கப்பட்டிருந்ததால், ஏதோவொரு பக்கத்தில் ஏற்படும் கோளாறு கணினியின் முகப்பையே கவிழ்த்தது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கணினிகளைப் பயன்படுத்தியவர்கள், ஆக்டிவ் டெஸ்க்டாப்பை மீட்கச் சொல்லும் ஒற்றைப் பொத்தானோடு திடீரென வெள்ளையாக விரியும் அந்த முகப்புத் திரையை மறந்திருக்க மாட்டார்கள். விண்டோஸ் விஸ்டா பதிப்போடு இந்த வசதி கைவிடப்பட்டது. ஆப்பிள் நிறுவனம் 2005இல் வெளியிட்ட மாக் இயக்குதளத்தின் டைகர் பதிப்பில் ஆர்எஸ்எஸ் என்னும் செய்தியோடையின் தலைப்புகளைச் சுழற்றிக் காட்டும் திரைக்காப்பைச் சேர்த்தது. முழுப் பக்கத்தையும் ஏற்றாமல் தலைப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டதால் அது தொல்லை தரவில்லை.

இன்று எந்தப் பெரிய இயக்குதளத்திலும் இணையப்பக்கத்தைத் திரைக்காப்பாக வைக்கும் வசதி உள்ளமைந்து வருவதில்லை. தனி மென்பொருளை நாட வேண்டும். விண்டோசில் வெப் பேஜ் ஸ்கிரீன்சேவர் என்னும் திறந்தமூல நிரல் நெடுநாளாகப் புழக்கத்தில் உள்ளது. அதன் எஸ்சிஆர் கோப்பை நிறுவியபின், திரைக்காப்பு அமைப்புச் சாளரத்தில் அதைத் தேர்ந்து, காட்ட வேண்டிய முகவரிகளையும் ஒவ்வொன்றும் எத்தனை நொடி நிற்க வேண்டும் என்பதையும் குறித்தால் போதும். இதன் தொடக்கப் பதிப்புகள் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் இயக்குபொறியைக் கொண்டு இயங்கியவை என்பதால், 2022 ஜூனில் ஆதரவு நிறுத்தப்பட்ட அந்த உலாவியின் பழைய பொறியில் இன்றைய தளங்கள் பல சிதைந்தோ வெறுமையாகவோ தோன்றும். இயன்றவரை எட்ஜ் உலாவியின் பொறியைக் கொண்டு இயங்கும் நிரல்களைத் தேர்வது நல்லது. லைவ்லி வால்பேப்பர் என்னும் இலவச மென்பொருள், இணைய முகவரியையும் அசையும் பின்னணியாக வைக்க உதவுகிறது. அதே காட்சியைத் திரைக்காப்பாகவும் பயன்படுத்தும் வழியை அது தருகிறது.

மாக் கணினியில் வெப்வியூ ஸ்கிரீன்சேவர் என்னும் திறந்தமூல நிரல், சஃபாரி உலாவியின் அடிப்படையான வெப்கிட் பொறியைக் கொண்டே பக்கத்தைக் காட்டுகிறது. ஆப்பிளின் ஒப்புதல் முத்திரை இல்லாத நிரலைத் திறக்க மாக் மறுக்கும்போது, அமைப்புகளில் உள்ள தனியுரிமை, பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று அனுமதி தர வேண்டியிருக்கும். லினக்சில் நிலைமை வேறு. குனோம் முகப்பு, அதன் மூன்றாம் பதிப்பிலிருந்து திரைக்காப்பு அலங்காரங்களை விட்டொழித்து வெற்றுத் திரையை மட்டுமே வைத்துக்கொண்டது. ஜேமி ஜவின்ஸ்கி 1992 முதல் பேணிவரும் எக்ஸ்ஸ்கிரீன்சேவர் தொகுப்பிலோ நூற்றுக்கும் மேற்பட்ட காட்சிகள் உள்ளன; அவற்றுள் வெப்கொலாஜ் என்பது இணையத்தில் தற்செயலாகக் கிடைக்கும் படங்களைப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் காட்டும். எந்தப் படம் வரும் என்பதற்கு யாரும் பொறுப்பேற்க இயலாது என்றும் ஆபாசப் படமும் வரக்கூடும் என்றும் அதன் கையேடே எச்சரிக்கிறது. வகுப்பறையிலோ வரவேற்பறையிலோ வைப்பதற்குரிய காட்சி அதுவன்று.

எக்ஸ்ஸ்கிரீன்சேவரின் உள்ளமைப்பில் பாராட்டத்தக்க கூறு ஒன்று உண்டு. திரையைப் பூட்டும் பகுதியும் படம் வரையும் பகுதியும் அதில் தனித்தனி நிரல்கள். வரையும் நிரல் கவிழ்ந்தாலும் பூட்டு திறந்துவிடாது. உலாவியோ கோடிக்கணக்கான வரிகளாலான பெருமென்பொருள். எங்கோ எவரோ எழுதிய பக்கத்தை வாங்கி இயக்குவது. அது கவிழ்வதற்கான வாய்ப்பு நட்சத்திரம் வரையும் சிறு நிரலைவிடப் பன்மடங்கு அதிகம். காட்சியையும் காவலையும் பிரித்து வைக்கும் இந்த ஒழுங்கு ஆக்டிவ் டெஸ்க்டாப்பில் இருந்திருந்தால் அதன் கதை வேறாக இருந்திருக்கலாம்.

இத்தகைய நிரல்களை எழுதுவோர் எதிர்கொள்ளும் சிக்கல் ஒன்று வெளியிலிருந்து பார்க்கும்போது அற்பமாகத் தோன்றும். சுட்டியை அசைத்தவுடன் திரைக்காப்பு விலக வேண்டும் என்பது எல்லோரும் எதிர்பார்ப்பது. ஆனால் புதிய சாளரம் ஒன்று திரையில் விரியும்போதே, யாரும் தொடாவிட்டாலும், சுட்டி நகர்ந்ததாக ஒரு செய்தியை விண்டோஸ் அதற்கு அனுப்பிவிடுவது உண்டு; அதை நம்பினால் திரைக்காப்பு தோன்றிய கணமே மறைந்துவிடும். எனவே சுட்டி முதலில் இருந்த இடத்தை நினைவில் கொண்டு, அங்கிருந்து சில புள்ளிகளாவது விலகினால் மட்டுமே உண்மையான அசைவாகக் கொள்வர். இணையப்பக்கம் வந்து சேரும்போது இதற்கு நேர்மாறான தொல்லை எழுகிறது. பக்கத்தைக் காட்டும் உலாவிப் பகுதி, சுட்டியின் அசைவையும் விசை அழுத்தத்தையும் தனக்கே வந்தவையாகக் கருதி விழுங்கிவிடும். வெளியே இருக்கும் திரைக்காப்பு நிரலுக்குச் செய்தியே போகாது. பயனர் எத்தனை முறை அசைத்தாலும் பக்கம் விலகாது. இதைத் தடுக்க, உலாவிப் பகுதியைச் சென்றடையும் முன்பே செய்திகளை இடைமறித்துப் பார்க்கும் ஏற்பாட்டை நிரலில் சேர்க்க வேண்டும். நிறுவிய திரைக்காப்பு விலக மறுத்தால், குறை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

எந்தப் பக்கத்தை வைப்பது என்பதே உண்மையில் சிந்திக்க வேண்டிய கேள்வி. கை படாமல் தானே இயங்க வேண்டும், அறையின் மறுகோடியிலிருந்து பார்த்தாலும் பொருள் விளங்க வேண்டும் என்னும் இரு தகுதிகளையும் கொண்ட பக்கங்கள் குறைவே. நாளிதழின் முகப்புப் பக்கத்தை வைப்போர் பலர். அதில் எழுத்து சிறியது, கீழே உருட்டினால்தான் செய்தி தெரியும், குக்கி ஏற்பைக் கேட்கும் பலகை திரையின் பாதியை மறைத்துக்கொண்டு நாள் முழுதும் நிற்கும். சமூக ஊடகப் பக்கங்கள் இன்னும் மோசம். மாறாக, எர்த் என்னும் பெயரில் 2013 முதல் இயங்கிவரும் காற்றோட்ட வரைபடம் இதற்கென்றே செய்ததுபோல் அமைந்துள்ளது. கரிய பின்னணியில் உலக உருண்டையும் அதன்மேல் இழையிழையாக ஓடும் காற்றும் தவிர வேறெதுவும் அதில் கண்ணை உறுத்துவதில்லை. வங்கக் கடலில் ஒரு புயல் சுழலும்போது அதைத் தொலைவிலிருந்தே காணலாம். அந்தக் காற்று நேரடியாக அளக்கப்பட்டதன்று, அமெரிக்க வானிலைத் துறையின் மீக்கணினி கணித்துத் தருவது; மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்திய வானிலை ஆய்வுத் துறை வெளியிடும் சென்னை ராடார் படத்தையும் அதனோடு மாறிமாறி வரும்படி அமைத்தால் பயன் கூடும். ஆனால் ராடார் படம் ஒருமுறை ஏற்றியபின் தானே மாறுமா, பக்கத்தை மீண்டும் ஏற்றினால்தான் மாறுமா என்பதைச் சோதித்துக்கொள்ள வேண்டும். காலையில் ஏற்றிய மேகத்தை மாலையில் பார்த்துக் குடையை எடுப்பதில் பொருளில்லை.

பிறர் தளத்தை நம்பாமல் சொந்தப் பக்கத்தை எழுதிக்கொள்வதே மிகச் சிறந்த வழி. எச்டிஎம்எல் எனப்படும் இணையக் குறிமொழியில் முப்பது நாற்பது வரிகள் எழுதத் தெரிந்த பள்ளி மாணவர் ஒருவரே, கணினி ஆய்வகத்துக்கு அன்றைய பாடவேளை அட்டவணையையும் கடிகாரத்தையும் பெரிய எழுத்தில் காட்டும் பக்கத்தை ஆக்கிவிட முடியும். குறிப்பிட்ட நொடிகளுக்கு ஒருமுறை தன்னைத் தானே மீண்டும் ஏற்றிக்கொள்ளும்படி பக்கத்தின் தலைப்பகுதியில் ஒற்றை வரியில் கட்டளை தரலாம். அந்தக் கோப்பைக் கணினியிலேயே சேமித்து அதன் இருப்பிடத்தை முகவரியாகக் கொடுத்தால், இணைய இணைப்பு அறுந்தாலும் காட்சி அறுவதில்லை, தரவும் செலவாவதில்லை.

பாதுகாப்பைப் பொறுத்தவரை தயக்கமின்றிச் சொல்ல வேண்டியவை உண்டு. எஸ்சிஆர் கோப்பு ஒரு முழு நிரல் என்பதால், இலவசத் திரைக்காப்பு என்ற பெயரில் வேவு மென்பொருளைப் பரப்புவது 2000களில் பரவலான மோசடியாக இருந்தது. இன்றும் மின்னஞ்சலில் வரும் எஸ்சிஆர் கோப்பைத் திறக்கவே கூடாது. கடவுச்சொல் கொடுத்து நுழைந்த பக்கம் எதையும், மின்னஞ்சலோ வங்கிக் கணக்கோ அலுவலகக் கணக்கேடோ எதுவாயினும், திரைக்காப்பாக வைக்கலாகாது. ஆள் இல்லாத இருக்கையின் எதிரே அது விரிந்து கிடக்கும். விண்டோசின் திரைக்காப்பு அமைப்புச் சாளரத்தில், மீளும்போது உள்நுழைவுத் திரையைக் காட்டு என்னும் பொருளில் ஒரு சிறு கட்டம் இருக்கிறது; அதில் குறியிடாவிட்டால், திரைக்காப்பு விலகியதும் திறந்து கிடக்கும் கணினி எவர் கையிலும் சிக்கும். பக்கம் அழகாக ஓடுவதைப் பார்த்த மகிழ்ச்சியில் பலரும் மறப்பது இதையே.

இனி, திரையைக் காப்பது என்ற பழைய கடமை. மடிக்கணினிகளில் பெரும்பான்மையாக உள்ள எல்சிடி திரைகளில் பாஸ்பர் பூச்சு தேயும் சிக்கல் இல்லை. ஆகவே அவற்றுக்குத் திரைக்காப்பு தேவையே இல்லை. ஆனால் அண்மைக் காலமாகப் பரவும் ஓஎல்இடி திரைகளில் ஒவ்வொரு புள்ளியும் கரிமச் சேர்மத்தால் தானே ஒளிர்வது. பயன்படப் பயன்பட அது மங்கும். நீல நிறப் புள்ளிகள் மற்றவற்றைவிட விரைவில் மங்கும். இணையப்பக்கத்தின் மேல்விளிம்பில் அசையாமல் நிற்கும் வெள்ளைப் பட்டையும் தளத்தின் சின்னமும் நாள்தோறும் பல மணி நேரம் ஒரே இடத்தில் ஒளிர்ந்தால், பழைய குழாய்த் திரைகளில் விழுந்த அதே நிழல் இவற்றிலும் விழும். காக்க வந்ததே கெடுக்கும் நிலை இது. ஓஎல்இடி திரை உடையவர்கள் கரிய பின்னணி கொண்ட, உருப்படிகள் இடம்மாறிக்கொண்டே இருக்கும் பக்கத்தைத் தவிர வேறெதையும் வைக்காதிருப்பதே நல்லது.

மின்சாரக் கணக்கும் திரைக்காப்புக்கு ஆதரவாக இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1992இல் எனர்ஜி ஸ்டார் திட்டத்தைத் தொடங்கியதன் நோக்கமே, ஓய்ந்திருக்கும் கணினியும் திரையும் தாமாக உறங்கும்படி செய்வதுதான். திரைக்காப்பு ஓடும் கணினியோ உறங்கவில்லை, விழித்தே இருக்கிறது; முப்பரிமாண வரைகலை நிறைந்த பக்கமானால் வரைகலைச் செயலியும் சேர்ந்து உழைக்கிறது, மடிக்கணினியின் விசிறி இரைகிறது. காணொளி ஓடும் பக்கமாக இருந்தால், திரையை அணைக்காதே என்று உலாவியே இயக்குதளத்தைக் கேட்டுக்கொள்ளவும் கூடும். அப்போது குறித்த நேரத்தில் அணைய வேண்டிய திரை இரவெல்லாம் எரியும்.

ஆகவே, வீட்டில் ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கணினிக்குத் திரை தானே அணைவதே போதும். இணையப்பக்கத் திரைக்காப்பு பொருந்தும் இடம் பலர் கண்ணில் படும் நூலகம், பள்ளி, அலுவலக வரவேற்பறை ஆகியவையே. அங்கும், பக்கம் 5 நிமிடத்தில் தோன்றி, 20 நிமிடத்தில் திரை முற்றிலும் அணையும்படியும், மீளும்போது கடவுச்சொல் கேட்கும்படியும் அமைத்துவிட்டு, ஒரு நாள் முழுதும் ஓடவிட்டுப் பார்த்தபின் பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டும்.